மாடி மழைநீர் எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள்

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு போன். "சார், பாத்ரூம் சல்லடை வழியா கறுப்பா தண்ணி பொங்குது. ஹால் வரைக்கும் வந்திடுச்சு. சாக்கடை அடைச்சிருக்குன்னு சாயங்காலமே புகார் கொடுத்தோம், இன்னும் யாரும் வரல."

வெளியே கொட்டும் மழை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தரைத்தள வீட்டில் கணுக்கால் அளவுக்குக் கழிவுநீர் நின்றது. கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி, அதன்மேல் எண்பது வயது அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். கண்களை இறுக மூடி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார் அவர்.

சேம்பர், அதாவது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட குழி, எங்கே என்று கேட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு முன்பக்கம் முழுவதும் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். மூடி அதற்கடியில் போய்விட்டது. கம்பியால் தட்டித் தட்டி, பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தை உடைத்தோம். மூடியைத் தூக்கியதும் விஷயம் புரிந்துவிட்டது. சேம்பர் விளிம்பு வரை கழிவுநீர். சுவரோரமாக ஒரு நாலு அங்குலக் குழாயிலிருந்து அதற்குள் வேகமாகக் கொட்டிக்கொண்டிருந்தது தெளிந்த தண்ணீர். மொட்டை மாடியின் மழைநீர்.

இந்த வருடம் நான் பார்த்த இதே மாதிரியான ஏழாவது வீடு இது. வீட்டுக் குழாய், வடிகால் வேலைகளை இருபது வருடத்துக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். ஏழு வீட்டிலும் கேட்ட பதில் ஒன்றுதான்: "மழைத் தண்ணியும் தண்ணிதானே சார், சாக்கடையில விட்டா என்ன?"

அதற்குத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பொறுமையாகக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். நாலு பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு 125 லிட்டர் என்று புழங்கினால், ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீர் 500 லிட்டர். அதாவது பத்து நாளில் போக வேண்டிய அளவை ஒரே மணி நேரத்தில் அந்தக் குழாய்க்குள் தள்ளுகிறீர்கள். நீங்கள் மட்டும் இல்லை. தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் அதையே செய்தால் 50,000 லிட்டர்.

கழிவுநீர்க் குழாயின் அளவை முடிவு செய்யும்போது மனிதர்கள் பயன்படுத்தும் தண்ணீரைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மண்ணிலிருந்து கசிந்து வருவதற்குக் கொஞ்சம் இடம் விடுவார்கள். மாடிகளில் விழும் மழைக்கு அதில் இடம் கிடையாது. அந்த மழைக்கென்று தனியாக மழைநீர் வடிகால் இருக்கிறது. குழாய் நிரம்பினால் தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும். தெருவிலேயே தாழ்வான வீட்டின், தாழ்வான துளை வழியாக மேலே வரும். அது பெரும்பாலும் தரைத்தளக் குளியலறைச் சல்லடை. வருவது நீங்கள் விட்ட தெளிந்த மழைநீர் அல்ல, ஊர் மொத்தத்தின் கழிவு.

"வெளிநாட்டில் ஒரே குழாயில் விடுகிறார்களே" என்று ஒருவர் வாதாடினார். உண்மைதான். லண்டன், பாரிஸ், நியூயார்க் போன்ற நகரங்களின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. ஆனால் அந்தக் குழாய்கள் இரண்டையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அப்படியும் பலத்த மழையில் தாங்காமல், கழிவு ஆற்றில் கலக்கிறது. அதைத் தடுக்க லண்டனில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய சுரங்கமே தோண்ட வேண்டியிருந்தது. பார்த்துப் பின்பற்றும்படியான ஏற்பாடு இல்லை அது.

சரி, "அடைப்பு தெருவில்தானே, அரசாங்க வேலைதானே" என்ற அடுத்த கேள்விக்கு வருகிறேன். எல்லை எங்கே என்பது ஊருக்கு ஊர் மாறும். குடிநீரில் பெரும்பாலான இடங்களில் மீட்டர் வரை வழங்குபவர் பொறுப்பு, மீட்டருக்குப் பின்னால் உங்கள் பொறுப்பு. கழிவுநீரில் சில ஊர்களில் உங்கள் மதில் வரை உங்களுடையது. வேறு சில ஊர்களில் தெருவுக்கு அடியில் பிரதானக் குழாயில் சேரும் இடம் வரை உங்களுடையது. இரண்டாவது வகை என்றால், தெருவைத் தோண்டும் செலவும் உங்கள் தலையில்தான். இணைப்பு வாங்கியபோது கொடுத்த காகிதத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஊர் அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். வீட்டுக்குள் கழிவு வந்த இரவில் கேட்டுப் பயனில்லை.

உங்கள் மாடி நீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது பத்து நிமிட வேலை. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் உணவு நிறம் கலந்து மாடியின் மழைத் துளையில் ஊற்றுங்கள். கீழே ஒருவர் சேம்பரைத் திறந்து பார்க்கட்டும். நிறம் அங்கே வந்தால் தப்பான இணைப்பு. மாடியில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். மூன்று சரியாக இருந்து நாலாவது மட்டும் சேம்பருக்குப் போன வீடும் உண்டு. குழாயைப் பிரித்து மழைநீர் வடிகாலிலோ, நிலத்துக்குள் இறங்கும் குழியிலோ, தொட்டியிலோ விடுங்கள்.

தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கழிவு திரும்பி வருகிறது என்றதும் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டுப் போகிறோம். மாடி மழைக் குழாயைப் பிரிக்காமல் வால்வு மட்டும் போட்டால், வெளியிலிருந்து அழுத்தம் வரும்போது வால்வு மூடிக்கொள்ளும், வீட்டின் சொந்த மழைநீருக்குப் போக வழி இருக்காது. அந்த வீட்டை அதன் மாடியே மூழ்கடிக்கும். முதலில் குழாயைப் பிரியுங்கள், அப்புறம் வால்வு.

இதே தப்பைத் தலைகீழாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். துணி துவைக்கும் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள். கழிவுநீர்க் குழாயின் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மழைநீர் வடிகாலின் முடிவில் பெரும்பாலும் ஆறு, ஏரி, கடல்தான். நடுவில் யாரும் சுத்தம் செய்வதில்லை. பெயின்ட் பிரஷ் கழுவிய தண்ணீர், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், சிமென்ட் பால் எல்லாமே அப்படியே மீனுக்குப் போகின்றன. வாசலில் சரிவு கட்டும்போது தெரு வடிகாலை மண்ணும் சிமென்டும் போட்டு மூடிவிடாதீர்கள்.

சமையல் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். சூடாக இருக்கும்போது ஓடும், குழாய்க்குள் ஆறியதும் மெழுகு மாதிரி ஒட்டும். ஈரத் துடைப்புத் தாள், நாப்கின், பஞ்சு எதையும் கழிப்பறையில் போடாதீர்கள், பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. எண்ணெயும் ஈரத் தாளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் வொயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017இல் எடுத்த கொழுப்புக் கட்டியே சாட்சி: 250 மீட்டர் நீளம், 130 டன். வீட்டுக் குழாய்க்கு ஒரு முழம் போதும்.

குடிநீர்ப் பக்கம் இரண்டு விஷயம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு. ஃபிளஷ் டேங்கில் நிறம் விட்டு, கால் மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர். கட்டணம் ஏறியதும் மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, பொது விநியோகக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டாதீர்கள். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். மோட்டார் உறிஞ்சினால் அழுத்தம் இறங்கி, அதே விரிசல் வழியாக வெளியில் தேங்கிய கழிவு உள்ளே வரும். பக்கத்து வீட்டுக் குழந்தை அதைத்தான் குடிக்கும். வரும் தண்ணீர் தானாகத் தொட்டியில் விழட்டும், தொட்டியிலிருந்து மேலே ஏற்றுங்கள்.

இது கெஞ்சல். அடைப்பு என்றால் சேம்பருக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ எந்த மனிதரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, பரவாயில்லை என்று தோன்றும் நேரம்தான் உயிர் போகும் நேரம். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இயந்திரம் வரும்வரை காத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும்.

அந்த அம்மாவின் வீட்டில் மறுநாள் அரை நாள் வேலை. இரண்டு வளைவு, பத்தடிக் குழாய். மாடி நீர் இப்போது வடிகாலுக்குப் போகிறது. சேம்பர் மூடியை டைல்ஸ் மட்டத்துக்கு உயர்த்தி, கைப்பிடி வைத்திருக்கிறோம். ஆனால் அதே தெருவில் இன்னும் நாலு வீட்டு மழைக் குழாய்கள் சுவரோடு இறங்கி, மண்ணுக்குள் எங்கே போகின்றன என்று தெரியாமல் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வாளியோடு வருகிறேன் என்று நாலு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள்.