மூளை வடிகாலா, திறனாளர் இழப்பா?

படித்த, திறமையுள்ள ஆட்கள் நாட்டைவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விடுவதை ஆங்கிலத்தில் 'பிரெய்ன் டிரெய்ன்' என்கிறார்கள். அதைப் பலரும் தமிழில் 'மூளை வடிகால்' என்று எழுதுகிறார்கள். வடிகால் நல்லதா கெட்டதா என்று ஒரு விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். மழை கொட்டி நடவு மூழ்கும்போது மிஞ்சிய தண்ணீரை வெளியே விட்டுப் பயிரைக் காப்பதே அதுதான். மனக்குமுறலுக்கு ஒரு வடிகால் என்கிறோமே, அதுவும் ஆறுதலான சொல். அப்படிப் பார்த்தால் மூளை வடிகால் என்பது உபரி மூளையை ஊருக்கு வெளியே ஓடவிடும் நல்ல ஏற்பாடு என்றல்லவா ஆகிறது!

ஆங்கிலச் சொல் புழக்கத்துக்கு வந்தது ஏழை நாட்டில் அல்ல, பிரிட்டனில். அங்கிருந்து விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் போவதைப் பற்றி அந்நாட்டு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1963இல் அறிக்கை வெளியிட்டது. பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பரப்பின. பிரிட்டிஷ் மூளைகளை அமெரிக்கா ஒட்டுண்ணிபோல் உறிஞ்சுகிறது என்று அமைச்சர் ஹெய்ல்ஷம் பிரபு அதே ஆண்டு குமுறினார். அப்புறம்தான் அது இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்க நாடுகள் மேல் ஒட்டிக்கொண்டது.

இலங்கையில் 1940களிலிருந்தே இலவசக் கல்வி. அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பவருக்கும் கட்டணம் இல்லை. 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்தது, விலைவாசி எகிறியது, அடுத்த ஆண்டே வருமான வரியும் ஏறியது. வைத்தியர்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பினார்கள். ஒரு மாவட்ட மருத்துவமனையிலிருந்து மயக்க மருந்து நிபுணர் ஒருவர் போகிறார் என்று வையுங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிறார், கூடம் இருக்கிறது, தாதியர் இருக்கிறார்கள். ஆனால் சத்திரசிகிச்சை நடக்காது. போனது ஒரு ஆள், முடங்கியது நாலு பேர் வேலை. எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கில் இது தெரியவே தெரியாது.

வெளிநாட்டுப் பணம் வருகிறதே என்பார்கள். வருகிறதுதான். ஆனால் அது போய்ச் சேருவது வீட்டுக்கு. ஆளை இழந்த மருத்துவமனைக்கு அல்ல. வெளியேறும் திறனாளர்களின் வருமானத்தில் ஒரு வரி போட்டுத் தாய்நாட்டுக்குத் தரலாம் என்று பொருளியலறிஞர் ஜக்தீஷ் பகவதி 1970களில் சொன்னார். பெரிதாக நடைமுறைக்கு வரவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இலங்கைப் பத்திரிகைகள் 'மூளைசாலிகள் வெளியேற்றம்' என்று எழுதுகின்றன. புத்திசாலியின் சாயலில் பிறந்த மூளைசாலி அழகான சொல்தான். ஆனால் தாதியையோ வெல்டரையோ யாரும் மூளைசாலி என்பதில்லை. அவர்கள் போனாலும் நட்டம் நட்டம்தான். 'வெளியேற்றம்' இன்னும் சிக்கல். அது வெளியேறுவதையும் குறிக்கும், துரத்துவதையும் குறிக்கும். 1990இல் இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டதற்கும் அதுதான் பெயர். வைத்தியரை யாரும் துரத்தவில்லை.

'அறிவிழப்பு' என்றால் யாரோ மயங்கி விழுந்ததுபோல் இருக்கிறது. என் தேர்வு 'திறனாளர் இழப்பு'. கணக்குப் புத்தகம்போல இழப்புக்கு எதிரே 'திறனாளர் வரவு' என்று எழுதிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் வேலை பார்த்த பொறியாளர்கள் தைவானுக்குத் திரும்பி, 1980இல் தொடங்கிய சிஞ்சு அறிவியல் பூங்காவில் கம்பெனிகள் ஆரம்பித்தார்களே, அது வரவு. லாபமா நட்டமா என்று இன்னும் தெரியாத இடத்தில் வெறுமனே 'திறனாளர் பெயர்வு' போதும்.