இதயத்தைப் பாதிப்பது அவசரமா, பகையுணர்வா?

சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இதயநோய் மருத்துவர்கள் இருவர், மாரடைப்புக்கும் மனிதரின் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1959-இல் எழுதினர். நேரத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டுவது, பிறரை முந்தியே தீரவேண்டும் என்று துடிப்பது, சிறு தாமதத்துக்கும் எரிந்துவிழுவது ஆகிய குணங்கள் ஒருசேர அமைந்தவர்களை 'ஏ வகை' என்றும், நிதானமானவர்களை 'பி வகை' என்றும் அவர்கள் பிரித்தனர்.

இதைக் கண்டறிய அவர்கள் வகுத்த நேர்காணலில், என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்பதே முக்கியம். விடை முன்கூட்டியே தெரிந்துவிடக்கூடிய ஒரு கேள்வியை மருத்துவர் வேண்டுமென்றே இழுத்து இழுத்து, தடுமாறியபடி கேட்பார். எதிரே இருப்பவர் அது முடியும்வரை பொறுக்கிறாரா, பாதியிலேயே குறுக்கிட்டுப் பதிலைச் சொல்லிவிடுகிறாரா, குரலில் கடுகடுப்பு ஏறுகிறதா என்று கவனிப்பார். பொறுமையற்றவர்களில் பலர் தம்மைப் பொறுமைசாலிகள் என்றே நம்புவதால், இந்த முறையை நான் மிகக் கூர்மையானதாகக் கருதுகிறேன்.

39 முதல் 59 வயது வரையிலான 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், ஏ வகையினருக்கு இதயநோய் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஆனால் 1980-களில் வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்களின் 22 ஆண்டு விவரங்களைப் பார்த்தபோதும், இதயநோயால் இறப்பதில் இரு வகையினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஏ வகை குறித்த ஆராய்ச்சிகளுக்குப் புகையிலை நிறுவனங்களும் நிதி அளித்தன என்பது பின்னாளில் தெரியவந்தது. பழியைச் சிகரெட்டிலிருந்து குணத்தின் மீது திருப்புவது அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இருப்பினும் அந்தக் கருத்து முழுவதும் வீண்போகவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ரெட்ஃபோர்டு வில்லியம்ஸ் உள்ளிட்டோர் ஏ வகைக் குணங்களைத் தனித்தனியாக ஆராய்ந்தபோது, வேகமும் கடும் உழைப்பும் பெரிய குற்றவாளிகளாகத் தெரியவில்லை. பிறரைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் சட்டென்று சினம் கொள்வதும் சேர்ந்த பகையுணர்வே இதயநோயுடன் கூடுதலாகத் தொடர்பு கொண்டிருந்தது.

சினம் எழும்போது, உடலை ஆபத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு அட்ரினலின் பெருகுகிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தன்மை பெறுகின்றன. இவற்றோடு இரத்தக் குழாயின் உட்சுவரும் பாதிக்கப்படுகிறது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 280 பேரில் ஒரு பகுதியினர், தங்களைக் கோபப்படுத்திய நிகழ்ச்சியை 8 நிமிடங்கள் நினைவுகூர்ந்தனர். அதன்பின் 40 நிமிடங்கள் வரை அவர்களுடைய இரத்தக் குழாய்கள் விரியும் திறன் குறைந்திருந்தது. கவலையையோ துயரத்தையோ நினைவுகூர்ந்தவர்களிடம் இத்தகைய தெளிவான பாதிப்பு காணப்படவில்லை. கடும் கோபத்துக்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று ஆய்வுகள் பலவற்றின் தொகுப்பு காட்டுகிறது. உடல்நலமுள்ள ஒருவருக்கு ஒரு தடவை வரும் கோபத்தால் கூடும் அபாயம் மிகச் சிறியதுதான். ஏற்கெனவே குழாயில் கொழுப்புப் படிவு உள்ளவர் நாள்தோறும் பலமுறை கொதித்தெழுந்தால் நிலைமை வேறு. அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம்.

மனச்சோர்வும் இதயத்தைத் தாக்குகிறது, ஆனால் வேறு வழியில். அதனால் வாடுபவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், உடற்பயிற்சியைக் கைவிடுகிறார், புகைப்பதை நிறுத்த முடியாமல் தவிக்கிறார். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

குணத்தை மாற்றினால் இதயம் பிழைக்குமா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய சோதனைகள் வெவ்வேறு விடைகளைத் தந்தன. ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 1,000 பேரை ஃப்ரீட்மன் ஆராய்ந்தார். வழக்கமான இதய ஆலோசனையோடு அவசரத்தையும் சினத்தையும் தணிக்கும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு, நாலரை ஆண்டுகளில் மறு மாரடைப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 2003-இல் 2,481 நோயாளிகளிடம் நடந்த சோதனையிலோ, உளவியல் சிகிச்சையால் மனச்சோர்வு தணிந்தபோதிலும் மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. ஆகவே இன்றைய மருத்துவர்கள் நோயாளியின் மனநிலையைக் கேட்டறிந்து அதற்கும் சிகிச்சை அளிக்கிறார்கள். ஆனால் இரத்த அழுத்த மாத்திரைக்கோ கொழுப்பைக் குறைக்கும் மருந்துக்கோ அதை மாற்றாகக் கொள்வதில்லை.