பிரிமிட்டிவிசம் ‘பழங்குடி ஓவியம்’ அல்ல

பசிபிக் கடலின் தஹிதித் தீவுப் பெண்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் பால் கோகனைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் அவர் பாணியைப் ‘பழங்குடி ஓவியம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பிரிமிட்டிவிசத்துக்கு அதுதான் தமிழாம்.

‘முதல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘ப்ரீமுஸ்’ தான் இதன் வேர். 14, 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்களைக்கூடப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ப்ரிமிதீஃப்’ என்றார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கலைமேலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அந்தக் கலையையும் வாழ்வையும் பார்த்து ஐரோப்பிய ஓவியர்களுக்கு வந்த ஆசைக்குத்தான் பிரிமிட்டிவிசம் என்று பெயர்.

பழங்குடி ஓவியம் என்றால் பழங்குடியினர் வரைந்தது, வார்லி ஓவியம்போல. கோகன் பாரிஸில் பங்குத் தரகுத் தொழிலில் இருந்தவர். தஹிதியும் அவர் போன காலத்தில் ஆதிகால ஊராக இல்லை. பொமாரே வம்ச அரசர்கள் ஆண்ட நாடு அது. 1880இல் பிரான்ஸ் அதைத் தன் குடியேற்றமாக்கிக்கொண்டது. கிறிஸ்தவ ஊழியர்கள் 1797லேயே வந்துவிட்டார்கள். 1891 ஜூனில் கோகன் தஹிதியின் தலைநகர் பபீத்தேயில் இறங்கிய சில நாளில் கடைசி அரசர் ஐந்தாம் பொமாரேயும் இறந்துபோனார். பெண்கள் கழுத்துவரை மூடிய நீள அங்கி அணிந்திருந்தார்கள். கோகனுடைய ‘வாஹினே நோ தே தியாரே’ ஓவியத்திலேயே அந்த அங்கி இருக்கிறது! பழைய தெய்வக் கதைகளுக்கு மோரென்ஹூட் என்ற ஐரோப்பியர் 1837இல் வெளியிட்ட நூலைத்தான் அவர் நம்பினார். ‘இயா ஓரானா மரியா’ ஓவியத்தில் கைகூப்பி நிற்கும் பெண்களின் நிலை ஜாவாவின் போரோபுதூர் சிற்பப் புகைப்படத்திலிருந்து எடுத்தது. அவர் தேடிய ஆதிநிலை பெரும்பாலும் அவர் மனத்தில்தான் இருந்தது. ‘பழங்குடி ஓவியம்’ என்கிற சொல் அதைத் தூக்கித் தீவுக்காரர்கள் தலையில் கட்டிவிடுகிறது.

‘பழமைவாதம்’ என்பார்கள் இன்னொரு சாரார். அது அரசியலில் வேறொன்றுக்கு எப்போதோ போய்விட்ட சொல். தவிர, ‘இசம்’ கண்ட இடமெல்லாம் ‘வாதம்’ சேர்ப்பது மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்த வாதநோய். இங்கே யாரும் எதையும் வாதாடவில்லை, ஏங்கினார்கள், அவ்வளவுதான்.

அதனால் ‘தொன்மை நாட்டம்’ என்பேன். நாட்டம் என்றதுமே அது ஓவியருடையது என்று தெரிந்துவிடும். இதிலும் ஒரு குறை உண்டு. தமிழில் தொன்மை பெருமைக்குரிய சொல். ‘ப்ரிமிதீஃப்’பில் இருக்கும் ஏளனம் அதில் வராது. ‘ஆதி நாட்டம்’ அதைக் கொஞ்சம் காட்டும், ஆனால் காதுக்கு ஒட்டவில்லை. ‘தொன்மம்’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், அது புராணக் கதைக்கு உரியது.

அப்புறம், படத் தலைப்புகளில் வரும் ‘வாஹினே’யைக் ‘காட்டுவாசிப் பெண்’ என்று போடுகிறவர்களுக்கு: தஹிதி மொழியில் வாஹினே என்றால் பெண். காடு எங்கிருந்து வந்தது?