அரசுக் கழக (கார்ப்பரேஷன்) வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரின் வேண்டுகோள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கங்களிலிருந்து என் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில்தான் பேச்சைத் தொடங்குகின்றன: "அவர் கவர்மெண்டு வேலையில இருந்தாரு சார்." விசாரித்தால், அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராகவோ (பில் கிளார்க்), கழகப் பேருந்தில் நடத்துநராகவோ, கிடங்கில் காவலராகவோ இருந்திருப்பார். அண்மையில் வந்த ஒரு பெண்ணின் கணவர் அரசுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்றில் பதினான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு மாரடைப்பில் இறந்தவர். அவருடைய பி.எப். கணக்கில், திருமணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த அண்ணனின் பெயரே வாரிசுதாரராக (நாமினியாக) நின்றது. உடன்பிறந்தவர் பி.எப். திட்டத்தின் வரையறைப்படி குடும்பத்தினர் அல்லர். திருமணம் ஆனவுடனேயே அந்த நியமனம் செல்லாமல் போய்விட்டது. ஆகவே வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து எல்லாவற்றையும் அந்தப் பெண் கைக்குழந்தையோடு அலைந்து செய்ய வேண்டியதாயிற்று. "கவர்மெண்டுதானே, அவங்களே பார்த்துக்குவாங்கன்னு இருந்துட்டோம்" என்றார். இதே சொற்களை எத்தனையோ வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். இனியும் கேட்க மனம் ஒப்பவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், அரசு நிறுவனம் அரசு ஆகாது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட ஒரு நிறுவனம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அதே 1972-இல் சோழன் பெயரில் தொடங்கி, இன்று அரசுப் போக்குவரத்துக் கழகமாக இருப்பதும் நிறுவனமே. பங்குகள் அரசிடம் இருக்கலாம். மேலாண்மை இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருக்கலாம், அடையாள அட்டையில் கோபுர முத்திரை இருக்கலாம், ஊதிய உயர்வு அரசாணை வழியாகவே வரலாம். இவை எல்லாம் இருந்தும், உங்களுக்கு வேலை கொடுத்தவர் அந்த நிறுவனம்தான், அரசு அல்ல. அரசு ஊழியரை உரிய விசாரணை இன்றி நீக்கக்கூடாது என்று காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவு, அரசின் குடிமைப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. கழகப் பணியாளருக்கு அது பொருந்தாது. 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளும் தாமாக வந்து சேர்வதில்லை. தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் மைத்துனருக்கு என்ன கிடைத்ததோ அதுவே நமக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வீடு கட்டக் கடன் வாங்கியவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அந்தக் கணக்கைப் போடாதீர்கள். மின்வாரியம், போக்குவரத்து, வாணிபக் கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் பணி விதிகள் தனித்தனி. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இராது.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் பிரைவேட் கம்பெனி மாதிரிதானா?" என்று முகம் வாடிவிடுகிறார்கள். அதுவும் தவறு. வேலை கொடுத்தவர் அரசு இல்லை என்றாலும், அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை இத்தகைய நிறுவனங்கள் அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி 'அரசு' என்ற வரையறைக்குள் வருபவை. ஆகவே 14, 16-ஆவது பிரிவுகள் கூறும் சமத்துவத்துக்குக் கட்டுப்பட்டவை. மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்துக் காரணம் சொல்லாமல் நிரந்தரப் பணியாளரையும் அனுப்பிவிடலாம் என்ற விதியை, மத்திய உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழக வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. இதற்கு மேல், கழகத் தொழிலாளருக்குத் தொழிலாளர் சட்டங்களும் துணை நிற்கின்றன. அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் அரசு எழுத்தருக்கு அவற்றில் பெரும்பாலானவை கிடையாது. உங்கள் பாதுகாப்பு வேறு வாசல் வழியாக வருகிறது. அந்த வாசலில் கேட்கப்படுவது காகிதம்.

டெல்டாவில் இந்தக் காகிதம் இல்லாமல் அதிகம் தோற்பவர்கள் பருவகாலப் பணியாளர்கள். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் மட்டும் அழைக்கப்படுபவர் இதைக் கோரும்போது, இது பருவகால வேலை என்ற பதில் முதலில் வரும். அந்த வாதத்தை எதிர்கொள்ள முடியும்: அறுவடை முடிந்த பிறகும் இவரைக் கிடங்கிலோ அரிசி ஆலையிலோ பயன்படுத்தினார்களா, எத்தனை நாள் என்பதைக் காட்ட வேண்டும். ஆனால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பணியமர்த்தல் ஆணையும் விடுவிப்பு ஆணையும் ஒரு பருவத்துக்கு இருக்கும், அடுத்த பருவத்துக்கு இராது. ஒவ்வொரு பருவமும் இரண்டு ஆணைகளையும் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டின் பக்கத்தை மாதம் ஒருமுறை கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முறையான தேர்வு இன்றி உள்ளே வந்தவர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கோர முடியாது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. நகையை அடகு வைத்துக் கொடுக்கும் அந்தப் பணம், உங்கள் வழக்கையே பலவீனப்படுத்தும் பணம்.

அடுத்தது எடைக் குறைவுக் குறிப்பாணை, அதாவது வாங்கிய நெல் எடையில் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு நிறுவனம் அனுப்பும் கடிதம். பதினேழு சதவீத ஈரப்பதத்தில் வாங்கிய நெல், லாரி வராமல் அடுக்கிவைத்த அட்டியிலேயே வெயிலில் கிடந்து பதினான்கு சதவீதத்துக்குக் காய்ந்துவிட்டால், நாற்பது கிலோ கொண்ட நூறு மூட்டையில் ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோ, அதாவது மூன்றரை மூட்டை, எவரும் தொடாமலேயே குறைந்துவிடும். இது திருட்டு அன்று, நீர் ஆவியானது. பட்டியல் எழுத்தர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும், "இழப்பை ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு என்னிடம் வருகிறார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். வாங்கிய நாளின் ஈரப்பத அளவு, லாரி கேட்டு நீங்கள் அனுப்பிய தகவல், ஏற்றிய நாள், கிடங்கில் இறக்கியபோது பதிவான ஈரப்பதம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு, அவை கிடைத்த பின் விளக்கம் தருவதாக எழுத்து மூலம் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டால் வீட்டில் முடங்கிவிட வேண்டாம். பிழைப்பூதியம் என்று ஒன்று உண்டு, முதல் 90 நாள்களுக்குப் பாதி ஊதியம், 180 நாள்கள் வரை முக்கால், அதற்கு மேல் முழு ஊதியம் என்பது 1981 முதல் இந்த மாநிலத்தின் சட்டம்.

இனி பணப்பலன்கள். பி.எப்.பிலிருந்து பிரியும் ஓய்வூதியம் சிறியது; 15,000 ரூபாய் ஊதிய வரம்பில் பதினான்கு ஆண்டுப் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் அளவில்தான் வரும். அதை நம்பி முதுமையைத் திட்டமிட முடியாது. ஆனால் பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு உரியவை சிறியவை அல்ல. அவற்றைத்தான் மக்கள் கோட்டை விடுகிறார்கள். பத்தாண்டுப் பணி இருந்தால்தான் பென்ஷன் என்ற பேச்சு உறுப்பினரின் சொந்த ஓய்வூதியத்துக்கு மட்டுமே பொருந்தும். விதவை ஓய்வூதியத்துக்கு அவருடைய ஒரு மாதப் பங்களிப்பே போதும். பத்தாண்டு ஆகவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பமே போடாத பெண்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பி.எப்.போடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தொழிலாளி அதற்கு ஒரு பைசாவும் கட்டுவதில்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வகுத்து; மரணத்தில் ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது. பருவகாலப் பணியாளருக்குப் பருவத்துக்கு ஏழு நாள் ஊதியம் என்று கணக்கிட்டுக் கொடுத்தால், வாங்கும்போதே ஆட்சேபத்தைக் குறித்து வாங்குங்கள். அந்த ஏழு நாள் கணக்கு பருவகால நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆண்டு முழுதும் கிடங்கும் ஆலையும் நடத்தும் ஒரு நிறுவனம் அதில் அடங்குமா என்பது வாதாட வேண்டிய கேள்வி.

ஆகவே இந்த வாரமே பி.எப். இணையதளத்தில் நுழைந்து, மனைவி மக்களின் பெயரை மின்னணு நியமனத்தில் சேருங்கள். ஆதாரிலும் பணிப்பதிவேட்டிலும் தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் இனிஷியல் வித்தியாசம் ஆறு மாதத்தைத் தின்றுவிடும். பணிக்கொடை நியமனம் வேறு படிவம், அதையும் மறவாதீர்கள். எங்கே எந்தக் காகிதம் இருக்கிறது என்பதை மனைவியிடம் சொல்லி வையுங்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

வேலை போய்விட்டால் முதல் மாதத்திலேயே வாருங்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது என்று பழைய சட்டத்தை வைத்துச் சொல்பவரை நம்பாமல், இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்குத் தஞ்சாவூர்க்காரர் அதன் மதுரைக் கிளைக்கும், அடுத்த ஊரான திருவாரூர்க்காரர் சென்னைக்கும் செல்ல வேண்டும். ஆதலால் எந்த மாவட்டத்தில் பணியாற்றினீர்கள் என்பதைக் காட்டும் கடைசி ஆணையின் நகலை வரும்போதே கையோடு எடுத்து வாருங்கள்.