மருந்தை நிறுத்தியவரைத் திட்டுவதற்கு முன்

"ராத்திரி மாத்திரை போட்டா விடிகாலையில எந்திரிக்க முடியல டாக்டர். நாலு மணிக்குப் பால் கறக்கணும். சொசைட்டி வண்டி நமக்காக நிக்குமா?"

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வாரம் ஒருநாள் நான் போகும் தாலுகா மருத்துவமனையில் ஓர் அம்மா சொன்னது இது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய ஓ.பி. சீட்டில் 'மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை' என்று இரண்டு முறை எழுதியிருந்தது. எழுதியவன் நான்தான். ஏன் எடுக்கவில்லை என்று மூன்றாவது முறைதான் கேட்டேன்.

கொடுத்திருந்தது மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் மாத்திரை. படுக்கப்போகும்போது போட்டால் மந்தம் மறுநாள் காலைவரை நிற்கும். ஏழு மணிக்கு எழுபவர் சமாளித்துவிடுவார். நாலு மணிக்கு மாட்டுக்கொட்டகையில் இருக்க வேண்டியவர் என்ன செய்வார்? அதே நோய்க்குக் காலையில் போடும் ஃபுளுவாக்ஸெட்டினுக்கு மாற்றினேன். அவருக்கு டவுன் பஸ் இலவசம். துணைக்கு வரும் கணவருக்கோ டிக்கெட்டும் செலவு, அன்றைய கூலியும் போச்சு. "இனி நீங்க மட்டும் வந்தா போதும்மா" என்றேன்.

ஆளும் நேரமும் இல்லாத இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்துச் செய்வது கட்டுப்படியாகாது என்று எங்கள் துறையிலேயே சொல்வார்கள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் நாட்களில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் பொருந்தாத மாத்திரை பரணில் கிடக்கிறது. நோய் முற்றிய பிறகு அதே ஆள் திரும்பி வருகிறார். அதுதான் உண்மையில் கட்டுப்படியாகாதது.

ஆள் இல்லாத இடத்திலும் இது முடியும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடான ஜிம்பாப்வே ஓர் உதாரணம். அங்கே மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாக பெஞ்சுகளில் உட்காரவைத்தார். 'மனநல பெஞ்ச்' என்றால் யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள் சொல்லவே, 'நட்பு பெஞ்ச்' ஆனது. அங்கே யாரும் 'டிப்ரெஷன்' என்று பேசுவதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அளவுக்கு மீறி யோசிப்பது. "யோசனை ஓடிக்கிட்டே இருக்கு சார்" என்று நம் ஊரில் சொல்வதும் அதைத்தானே! வந்தவர் தன் கஷ்டங்களையெல்லாம் கொட்டுகிறார். எதை முதலில் பார்ப்பது என்று அவரே தேர்ந்தெடுக்கிறார். பாட்டி கூட இருந்து வழி தேடுகிறார். 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம் பேருக்கும் இருந்தன.

அந்த அம்மாவிடமும் கேட்டேன்: "எதை முதல்ல பார்க்கலாம்?" கணவரின் குடியைச் சொல்வார் என்று நினைத்தேன். மாட்டு லோன் தவணையைச் சொன்னார். பால் பணம் வரும் தேதிக்குத் தவணையை மாற்றித் தரக் கேட்டு, எங்கள் சமூகப் பணியாளர் அவருடன் உட்கார்ந்து வங்கிக்கு மனு எழுதினார்.

வீட்டில் யாராவது மனநல மருந்து எடுக்கிறார்களா? நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுவீர்கள், என்ன வேலை, வந்துபோக என்ன செலவு என்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். நேரில் வர வழியில்லை என்றால் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.