சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

எங்கள் தெருவில் ஒரு அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறார். ஏலத்துக்காக 2 மணிக்கே எழுந்து, வெறும் வயிற்றில் டீயோடு ஓடுவார். இட்லி உள்ளே போக 11 மணியாகும். சாப்பிட்டபின் நெஞ்சு கரித்தால், சுருக்குப் பையிலிருந்து 'கேஸ் மாத்திரை' ஒன்றை எடுத்து விழுங்குவார். "இன்னா தம்பி, மாத்திரை போட்டும் அடங்கமாட்டேங்குது?"

எப்படி அடங்கும்? பேன்டோபிரசோல் என்ற அந்த மாத்திரைக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை. அது அமிலம் சுரப்பதைத் தடுப்பது. ஏற்கெனவே சுரந்த அமிலத்தை ஒன்றும் செய்யாது.

இரைப்பைச் சுவரின் சில செல்களில் நுண்ணிய பம்புகள் உண்டு. பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. வயிறு காலியாக இருக்கும்போது பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் தூங்கும். சோறு வந்ததும் விழித்துக்கொள்ளும். மாத்திரை போகும் வழியோ சுற்றுவழி. மேல்பூச்சின் தயவில் இரைப்பையைத் தாண்டிக் குடலில் கரைந்து (கடித்து மென்றால் போச்சு), ரத்தத்தில் கலந்து அந்தச் செல்லுக்கு வரவேண்டும். அங்கே அமிலம் சுரந்துகொண்டிருந்தால்தான் மருந்து உருமாறி பம்பைக் கவ்வும். தூங்குகிற பம்பு தப்பித்துவிடும். மருந்து ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் இரண்டும் சந்திக்கும். எல்லாப் பம்பும் ஒரே நாளில் சிக்காது. முழுப் பலன் தெரிய சில நாளாகும்.

2014இல் ஜப்பானில் அனுமதி பெற்ற வோனோபிரசான் என்ற மாத்திரை வேறு ரகம். பம்பில் பொட்டாசியம் உட்காரும் இடத்தை இதுவே பிடித்துக்கொள்ளும். உருமாற அமிலம் தேவையில்லை, சாப்பாட்டு நேரமும் பார்க்க வேண்டாம். முதல் நாளே நன்றாக வேலை செய்யும். இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது.

ஆனால் அல்சர் இருந்தால் பம்பை அடைத்தால் மட்டும் போதாது. பல அல்சர்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வாங்கினார். கிருமியை ஒழிக்க ஆன்டிபயாட்டிக்குகளும் வேண்டும். மூச்சை ஊதவைத்தே அதைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்பே பேன்டோபிரசோலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம்.

அக்காவிடம் நேரக் கணக்கைச் சொன்னேன். "ஆறு மணிக்கு மாத்திரை, ஆறரைக்கு இட்லியா? சரிதான், அப்போ மீனை யாரு விக்கிறது?"