நூலக அறிவியல் முதுநிலை: விண்ணப்பத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

"சிறுவயது முதலே எனக்குப் புத்தகங்கள் என்றால் உயிர்." முதுநிலைச் சேர்க்கைக்காக எழுதப்பட்டு, திருத்தித் தரும்படி என்னிடம் வரும் நோக்கக் கட்டுரைகளில் (இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பதாரர் எழுதுவது) பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. சேர்க்கைக் குழுவினருக்கும் புத்தகங்கள் என்றால் உயிர்தான். அதற்காக யாருக்கும் இடம் கொடுத்துவிட மாட்டார்கள்.

நூலகரின் வேலை நேரத்தில் வாசிப்புக்கு இடம் மிகக் குறைவு. என்ன தேடுகிறோம் என்றே தெளிவாகச் சொல்லத் தெரியாமல் வந்து நிற்பவரிடம் பேசிப் பேசி அவருடைய உண்மையான கேள்வியைக் கண்டுபிடிப்பது, அட்டவணைப்படுத்துவது, தரவுத்தளச் சந்தாக்களுக்குப் பேரம் பேசுவது, பட்ஜெட் வெட்டுகளுக்குப் பதில் சொல்வது என்றுதான் நாள் போகும். இது தெரிந்துதான் வருகிறாரா என்பதைத்தான் குழு பார்க்கிறது. ஒரு சிறிய சங்கத்தின் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தியவர், என்ன வகைமுறையைக் கையாண்டார், அது எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்தார் என்று எழுதினால், வாசிப்புப் பெருமை பேசும் இரண்டு பக்கங்களைவிட எடை கூடும். நூலகத்தில் வேலை பார்த்த அனுபவம் பல இடங்களில் கட்டாயமில்லை. கடையிலோ வகுப்பறையிலோ உதவி மையத்திலோ மக்களோடு பழகிய அனுபவமும் செல்லும். அதை நூலகப் பணியோடு இணைத்துக் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

ஆனால் கட்டுரைக்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் கடைசியில்தான் செய்கிறார்கள்: படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்ப்பது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் முதுநிலைப் படிப்புகளை அங்கீகரிப்பது அமெரிக்க நூலகச் சங்கம். பிரிட்டனில் அந்த வேலையைச் 'சிலிப்' என்ற தொழில்முறை அமைப்பு செய்கிறது. அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, குறிப்பிட்ட படிப்புக்கு. பெரிய பெயர் கொண்ட பல்கலைக்கழகம் என்பதாலேயே அங்குள்ள தகவல் சார்ந்த எல்லாப் பட்டங்களும் அதில் அடங்கிவிடாது. அங்கீகாரத்துக்கு முயன்றுகொண்டிருக்கிறோம் என்பதும் அங்கீகாரம் ஆகாது. பட்டத்தின் பெயர் எம்.எல்.ஐ.எஸ். (நூலக, தகவல் அறிவியல் முதுநிலை) என்றோ எம்.எஸ். என்றோ எம்.ஏ. என்றோ இருக்கலாம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேலை விளம்பரங்கள் கேட்பது அங்கீகாரத்தைத்தான்.

இளநிலையில் என்ன பாடம் படித்திருக்க வேண்டும்? அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் எந்தப் பாடமும் ஏற்புடையதே. வேதியியல் படித்தவரை அறிவியல் நூலகங்கள் இரு கை நீட்டி வரவேற்கும். இந்தியாவில் மட்டும் வழி சற்று வேறு: ஏதேனும் ஒரு பட்டம், அதன்பின் நூலக அறிவியலில் 1 ஆண்டு இளநிலை, பிறகு 1 ஆண்டு முதுநிலை என்பது பரவலான முறை. இரண்டையும் இணைத்த 2 ஆண்டுப் படிப்புகளும் உண்டு. அங்கிருந்து வெளிநாடு செல்பவர்கள், தங்கள் 3 ஆண்டு இளநிலைப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

மதிப்பெண் விஷயத்தில் 4-க்கு 3.0 சராசரி என்பது வட அமெரிக்காவில் அடிக்கடி காணும் எல்லை. அதற்குக் கீழே இருப்பவர்கள் காரணத்தை ஓரிரு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். முதுநிலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, ஆகவே கட்டணம் கட்டும் முன் விசாரியுங்கள். ஆங்கிலத்தில் படிக்காதவர்களுக்கு டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் தேவைப்படும்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் 2 அல்லது 3. பெரிய பதவியில் இருப்பவர் எழுதிய நான்கு பொதுப்படையான வரிகளைவிட, உங்கள் வேலையை அன்றாடம் பார்த்த மேற்பார்வையாளரின் கடிதமே பேசும். கேட்கும்போது உங்கள் கட்டுரையின் வரைவையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவரும் உங்கள் புத்தகப் பிரியத்தைப் பற்றியே எழுதிவிடுவார்.

பள்ளி நூலகராக விரும்புவோருக்குப் பல இடங்களில் ஆசிரியர் உரிமமும் தேவை. சட்ட நூலகப் பணிகள் சிலவற்றுக்குச் சட்டப் பட்டமும் கேட்பார்கள். முதுநிலையில் சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உதவித்தொகைக்கான கடைசித் தேதி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு வெகு முன்னதாகவே வந்துவிடுவது வழக்கம். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.